ஐஸ்கிறீம் பெட்டியைத் திருப்பிப் பாத்து வாங்குங்கோ

தங்கச்சி கேட்டது சுருக்கமா இதுதான்: திருகோணமலை உவர்மலைப் பக்கம் வீடு, அம்மாவுக்குக் கனகாலமா சலரோகம், வீட்டில ரெண்டு சின்னப் பிள்ளைகள், கச்சான் காத்து தொடங்கின நாளிலயிருந்து பின்னேரமானா ஐஸ்கிறீம் எண்டு ஒரே கரைச்சல், சுப்பர்மார்க்கெட் பிறீசருக்கு முன்னால போய் நிண்டா ஃபற் ஃப்றீ, சுகர் ஃப்றீ, ஃப்றோசன் யோகட், சோர்பே எண்டு இருவது வகை கிடக்கு, இதில எது உடம்புக்கு நல்லது, எதை எடுக்கிறது?

நான் ஒரு பால் சாமான் ஃபக்டரியில குவாலிற்றிப் பக்கம் கொஞ்சக் காலம் வேலை செய்திட்டு இப்ப ஊரோட வந்து இருக்கிறன், அதால இந்தச் சாமான் எப்பிடிச் செய்யுறது எண்டு உள்ளுக்க நிண்டு பாத்தனான். முதல்லயே சொல்லிப்போடுறன், பிறீசரில இருக்கிற ஒண்டும் "நல்லது" எண்டு சொல்லிச் சாப்பிடுற சாப்பாடு இல்லை. பெட்டிக்கு முன்பக்கத்தில பெருசா எழுதியிருக்கிறது முக்கால்வாசி, ஒரு கரைச்சலை எடுத்திட்டு இன்னொரு கரைச்சலை உள்ளுக்க வைச்ச கதைதான். கொழுப்பை எடுத்தா சீனி கூடும், சீனியை எடுத்தா வேற ஒண்டு வரும், பாலை எடுத்தா தேங்காய் வரும். அதால முன்பக்கத்தை விட்டிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கோ.

பின்பக்கத்தில முதல் பாக்க வேண்டியது சீனியும் இல்லை கொழுப்பும் இல்லை, நிறை. ஐஸ்கிறீமை லீற்றர்க் கணக்கிலதான் விக்கிறது, ஏனெண்டா அதுக்குள்ள காத்து இருக்கு. பாலும் கொழுப்பும் சீனியும் சேந்த கலவையை ஃபக்டரியில மிக்ஸ் எண்டு சொல்லுவம், அதை உறைய வைக்கிற மெசினுக்குள்ள அடிக்கேக்க காத்தையும் சேத்து அடிப்பினம், ஒரு லீற்றர் மிக்ஸ் போட்டா ரெண்டு லீற்றர் ஐஸ்கிறீம் வெளிய வரும், அதைத்தான் நூறு வீதம் ஓவர்ரன் எண்டுறது. காத்து இல்லாட்டி அது கல்லு, கரண்டி இறங்காது, அதால காத்தைக் களவு எண்டு சொல்லேலாது, ஆனா எவ்வளவு எண்டதிலதான் விசயம் கிடக்கு. அமெரிக்காவில ஐஸ்கிறீம் எண்டு பேர் போடுறதெண்டா ஒரு கலனுக்குக் குறைஞ்சது நாலரை இறாத்தல் நிறை இருக்கோணும் எண்டு சட்டம், நம்ம கணக்கில லீற்றருக்குக் கிட்டத்தட்ட 540 கிராம். நல்ல அடர்த்தியாச் செய்த ஐஸ்கிறீம் லீற்றருக்கு 800 கிராம் கூட வரும்.

இப்ப இதால எப்பிடி ஏமாறுறம் எண்டு பாருங்கோ. ஒரு பெட்டியில 100 மில்லி லீற்றருக்கு 12 கிராம் சீனி எண்டு போட்டிருக்கு, பக்கத்துப் பெட்டியில 100 கிராமுக்கு 22 கிராம் எண்டு போட்டிருக்கு. எல்லாரும் முதல் பெட்டியைத்தான் எடுப்பினம், நானும் எடுப்பன், உள்ளுக்க வேலை செய்திராட்டி. ஆனா முதல் பெட்டி லீற்றருக்கு 540 கிராம்தான் எண்டா அந்த 100 மில்லி லீற்றர் வெறும் 54 கிராம், அதுக்குள்ள 12 கிராம் சீனி, அப்ப 100 கிராமுக்கு அதே 22. ரெண்டும் ஒண்டுதான். அதால ரெண்டு பெட்டியை ஒப்பிடுறதெண்டா முதல்ல ரெண்டையும் கிராமுக்கு மாத்துங்கோ. நிறை போடாத பெட்டியெண்டா ஒரே அளவுப் பெட்டி ரெண்டை ரெண்டு கையிலயும் தூக்கிப் பாருங்கோ, வித்தியாசம் கைக்கே தெரியும்.

இதில ஒரு மறுபக்கமும் இருக்கு. காத்துக் கூடின ஐஸ்கிறீமை ஒரு கோப்பை சாப்பிட்டா உள்ள போற சீனியும் கொழுப்பும் குறைவுதான், அடர்த்தியானதை அதே கோப்பை நிறையச் சாப்பிட்டா ரெண்டும் கூடுதலாப் போகும். நீங்க கோப்பைக் கணக்கில நிப்பாட்டுற ஆள் எண்டா காத்துக்காரன் மோசமில்லை. எங்கட வீட்டில "இது ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு" எண்டு ரெண்டாம் தரம் போடுற ஆக்கள்தான் கூட, அதால நான் அடர்த்தியானதைச் சின்னக் கோப்பையில போடுற கட்சி.

அடுத்தது பெட்டியில போட்டிருக்கிற அந்த நிற வட்டங்கள். இலங்கையில 2016ல சோடா மாதிரிக் குடிபானங்களுக்குச் சீனிக்கு மட்டும் வந்தது, 2019ல இருந்து திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூண்டுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை எண்டு வந்தது. திண்ம உணவெண்டா 100 கிராமுக்குச் சீனி 22 கிராமுக்கு மேல போனா சிவப்பு, 8ல இருந்து 22 வரை மஞ்சள், அதுக்குக் கீழ பச்சை. கொழுப்பு 17.5க்கு மேல சிவப்பு, 3க்குக் கீழ பச்சை. நல்ல ஏற்பாடுதான், ஆனா சாதாரண வெனிலா ஐஸ்கிறீமில 100 கிராமுக்குச் சீனி 21 கிராம் அளவில, கொழுப்பு 11 கிராம் அளவில வரும், ரெண்டும் மஞ்சள். மஞ்சளைக் கண்டிட்டு "பரவாயில்லை நடுவிலதான் நிக்குது" எண்டு நினைக்கிறம், ஆனா 9 கிராமும் மஞ்சள்தான் 21 கிராமும் மஞ்சள்தான், சிவப்புக்கு ஒரு கிராம் முன்னால நிக்கிற மஞ்சளும் இருக்கு. நிறத்தைப் பாத்துச் சிவப்பைக் கழியுங்கோ, பிறகு மஞ்சளுக்க இலக்கத்தைப் பாருங்கோ. 16, 17க்குக் கீழ ஒரு ஐஸ்கிறீம் கிடைச்சா அது நல்ல பிடி.

அந்த 21 கிராமும் போட்ட சீனி இல்லை எண்டதையும் சொல்லோணும், அதில ஒரு அஞ்சு ஆறு கிராம் பாலில இயற்கையா இருக்கிற லக்ரோஸ். அதாலதான் "சீனி சேர்க்கப்படவில்லை" எண்டு போட்ட பெட்டியிலயும் சீனி எண்ட வரியில இலக்கம் இருக்கும், அது பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்கு, ஒரு நாளைக்குப் போட்ட சீனி 50 கிராமுக்குக் கீழ, ஏலுமெண்டா 25க்குக் கீழ. 25 கிராம் எண்டா ஆறு தேக்கரண்டி. நம்ம ஆக்கள் காலமைத் தேத்தண்ணி, பத்து மணித் தேத்தண்ணி, பின்னேரத் தேத்தண்ணியிலயே அதை முடிச்சிட்டுத்தான் ஐஸ்கிறீமுக்கு வாறது. உண்மையைச் சொன்னா பிறீசருக்கு முன்னால அரை மணித்தியாலம் நிண்டு லேபல் வாசிக்கிறதைவிட, ஐஸ்கிறீம் தின்னுற நாளில தேத்தண்ணியை வெறுமனாக் குடிச்சா லாபம் கூட.

ஏன் இவ்வளவு சீனி போடுகினம் எண்டா ரெண்டு காரணம். குளிரில நாக்குக்கு இனிப்பு மட்டாத்தான் தெரியும். ஒரு கரண்டி ஐஸ்கிறீமை உருக விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு குடிச்சுப் பாருங்கோ, தொண்டை பிடிக்கும், அதுதான் அதின்ர உண்மையான இனிப்பு. பிள்ளைகளுக்கு ஒருக்கா இதைச் செய்து காட்டுங்கோ, என்ர மருமகன் அண்டைக்கு முகத்தைச் சுழிச்சவன், எண்டாலும் அடுத்த நாள் திரும்பவும் கேட்டவன், அது வேற. ரெண்டாவது காரணம், சீனி உறைநிலையைக் கீழ இறக்கும், அதாலதான் ஐஸ்கிறீம் கல்லாகாம மெதுவா இருக்குது. சீனியைச் சும்மா எடுத்துப்போட்டா ஐஸ் கட்டிதான் மிஞ்சும்.

அப்ப சுகர் ஃப்றீ எப்பிடி மெதுவா இருக்கு? அந்த இடத்தில மல்ரிற்றோல், சோர்பிற்றோல் மாதிரி சுகர் அல்கஹோல் வகை போடுவினம். பேரைப் பாத்துப் பயப்பிட வேண்டாம், அது சாராயமும் இல்லை, வெறிக்கவும் மாட்டாது. மல்ரிற்றோல் சீனியிலும் பாக்க மெதுவாத்தான் இரத்தத்தில ஏறும், ஆனா ஏறவே ஏறாது எண்டு இல்லை, கலோரியும் சீனியின்ர பாதிக்கு மேல இருக்கு. அதோட வயிறு. எங்கட அம்மாவுக்கு ஒருக்கா ஆசையா ஒரு சுகர் ஃப்றீ பெட்டி வாங்கிக் குடுத்தனான், கம்பனி பேர் வேண்டாம், சீனி இல்லைத்தானே எண்டு மனுசி நிம்மதியாப் பாதிப் பெட்டியை ஒரு இருப்பில முடிச்சிட்டு, அண்டிரவு முழுக்க வயித்தால போய் எழும்பி எழும்பி நடந்தவ. பிழை அம்மாவிலயும் இல்லை சாமானிலயும் இல்லை, அந்த வகை இனிப்பைக் கூடச் சாப்பிட்டா குடலுக்க தண்ணியை இழுக்கும், அவ்வளவுதான். ஐரோப்பாவில இது பத்து வீதத்துக்கு மேல சேத்தா "கூடச் சாப்பிட்டா பேதி போகலாம்" எண்டு லேபலில எழுதவே வேணும். ஒரு சின்னக் கரண்டி ரெண்டு கரண்டி எண்டா ஒண்டும் செய்யாது.

ஸ்ரீவியா, சுக்ரலோஸ் மாதிரி இனிப்பூட்டியளைப் பத்தி உலக சுகாதார நிறுவனம் 2023ல, உடம்பு மெலிய எண்டு இதுகளைப் பாவிக்க வேண்டாம் எண்டு சொன்னது, ஆனா அந்த அறிவுரை ஏற்கனவே சலரோகம் இருக்கிறவைக்கு இல்லை எண்டும் அதிலயே எழுதியிருக்கு. கன பேர் முதல் பாதியை மட்டும் வட்சப்பில அனுப்புகினம். அம்மாவுக்கு அளவோட சரி, பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுத்து அந்த இனிப்புக்குப் பழக்க வேண்டாம் எண்டது என்ர சொந்த அபிப்பிராயம்.

கொழுப்பு. ஃபற் ஃப்றீ எண்டதை நான் எடுக்கிறேல்லை, கொழுப்பை எடுத்தா வாயில வழுக்கிற தன்மை போயிடும், அதை ஈடுகட்ட மாச்சத்து, பசை, குளுக்கோஸ் சிரப், சில நேரம் கூடச் சீனி. கொழுப்பு எவ்வளவு எண்டதிலும் பாக்க என்ன கொழுப்பு எண்டதைப் பாருங்கோ. சேர்பொருள் வரிசையில எது நிறையால கூடவோ அதுதான் முதல்ல வரும். பால், கிறீம், பால் கொழுப்பு எண்டு தொடங்கினா நல்லது. தாவர எண்ணெய், பாம் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எண்டு வந்தா அது பால் கொழுப்பை எடுத்திட்டு மலிவான எண்ணெய் போட்டது. இந்தியாவில அப்பிடிச் செய்ததை ஐஸ்கிறீம் எண்டு சொல்லேலாது, ஃப்றோசன் டெசேட் எண்டுதான் போடோணும், இதை வைச்சு 2017ல அமுலும் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் பம்பாய் ஹைகோட்டில விளம்பரச் சண்டை பிடிச்சவை. எண்ணெய் போட்டது நஞ்சு எண்டு சொல்ல வரேல்லை, பாம் எண்ணெயில நிறைவுற்ற கொழுப்பு அரைவாசி, பால் கொழுப்பில அதிலும் கூட. ஆனா பால் விலையைக் குடுத்து எண்ணெயை வாங்குறது எதுக்கு.

வீகன் எண்டு வாறதில கன வகை தேங்காய்ப் பாலில செய்தது. தேங்காய் நம்ம சாமான், அதால கண்ணை மூடிக்கொண்டு நல்லம் எண்டு நினைப்பம், ஆனா தேங்காய்க் கொழுப்பில பத்தில எட்டுப் பங்குக்கு மேல நிறைவுற்றது. பால் ஒத்துவராத ஆக்களுக்குச் சரி, கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை போடுறவை இதை நல்ல சாமான் எண்டு வாங்கக் கூடாது.

ஃப்றோசன் யோகட்டில யோகட் இருக்கு, ஆனா புளிப்பை மறைக்கச் சீனி ஐஸ்கிறீம் அளவுக்குப் போடுவினம், கொழுப்புக் கொஞ்சம் குறைவு, அதோட சரி. சோர்பே பழமும் சீனித் தண்ணியும், கொழுப்பு வட்டம் பச்சையா இருக்கும், அதைக் காட்டி விக்கிறது, சீனி வட்டத்தைப் பாத்தா கன நேரம் சிவப்பு. ஐஸ்பழம் சீனித் தண்ணியும் நிறமும், சின்னதா இருக்கிறதால ஒண்டோட நிண்டா மொத்தச் சீனி ஒரு சொக்லேற் கோனிலும் பாக்கக் குறைவாத்தான் வரும், பிள்ளை கேட்டு அழுதா நான் கோனை விட்டிட்டு அதைத்தான் வாங்கிக் குடுப்பன்.

ஆனா நிறம் பாக்கோணும். சேர்பொருள் வரிசையில E எண்ட எழுத்தோட இலக்கம் போட்டிருக்கும், அதில இ 102, இ 104, இ 110, இ 122, இ 124, இ 129 எண்டு ஆறு செயற்கை நிறம் இருக்கு, 2007ல இங்கிலாந்து சவுத்தாம்ப்ரன் பல்கலைக்கழகத்தில செய்த ஆய்வுக்குப் பிறகு, இந்த நிறம் போட்ட சாமானில "பிள்ளைகளின்ர கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம்" எண்டு எழுத வேணும் எண்டு ஐரோப்பாவில 2010ல இருந்து சட்டம். இங்க அப்பிடி எழுத மாட்டினம், இலக்கத்தை நீங்கதான் தேடிப் பாக்கோணும். வாய் நீலமாயும் மஞ்சளாயும் மாறுற எதையும் நான் வைக்கிறேல்லை. நம்ம ஊரில மூண்டு சமயக்காரரும் ஒரே பிறீசருக்குள்ளதான் கையை விடுறம், அதால இதையும் சொல்லி விடுறன்: இ 120 பூச்சியில இருந்து எடுக்கிற சிவப்பு, ஜெலற்றின் மிருகத்தில இருந்து வாறது, இ 471 தாவரத்திலயும் வரும் மிருகக் கொழுப்பிலயும் வரும், விரதக்காரரும் ஹலால் பாக்கிறவையும் மரக்கறிச் சாமான் எண்டு காட்டுற பச்சைப் புள்ளியோ ஹலால் முத்திரையோ இருக்கா எண்டு பாருங்கோ. இ 412, இ 410 கண்டு பயப்பிட வேண்டாம், அது விதையில இருந்து எடுக்கிற பசை, ஐஸ் துகள் பெருக்காம இருக்கப் போடுறது.

இப்ப அம்மாவின்ர விசயம். ஐஸ்கிறீமில இருக்கிற கொழுப்பு வயிறு காலியாகிறதை மெதுவாக்கும், அதால சீனி உடன ஏறாது, பிந்தி ஏறும். சாப்பிட்ட கையோட குத்திப் பாத்திட்டு "ஒண்டும் ஏறேல்லை" எண்டு இன்னொரு கோப்பை எடுக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். இதே காரணத்தால, சீனி இறங்கி வேர்த்து நடுங்கேக்க ஐஸ்கிறீம் குடுக்கவே கூடாது, அது மெதுவாத்தான் வேலை செய்யும், அந்த நேரம் சீனித் தண்ணி அல்லது குளுக்கோஸ்தான். சோறு முட்டச் சாப்பிட்டிட்டு மேல ஐஸ்கிறீம் வைக்கிறதிலும் பாக்க, அண்டைக்குச் சோத்தை ரெண்டு அகப்பை குறைச்சுப்போட்டு ஒரு உருண்டை, அம்பது கிராம், அவ்வளவு. வீட்டில சமையல் தராசு இருந்தா ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ, அம்பது கிராம் எவ்வளவு சின்னன் எண்டு தெரியும், பிறகு அந்தக் கோப்பையையே வைச்சுக்கொள்ளுங்கோ. இன்சுலின் போடுறவ எண்டா அளவைக் கிளினிக்கில கேட்டு வையுங்கோ.

வீட்டில செய்தா நல்லதுதானே எண்டு அடுத்தது கேப்பீங்க, அதால முன்னுக்கே சொல்லுறன். இப்ப எல்லாரும் செய்யிறது ஒரு ரின்பாலும் அரை லீற்றர் கிறீமும் அடிச்சு உறைய வைக்கிறது. 390 கிராம் ரின்பாலில அரைவாசிக்கு மேல சீனி, இருநூறு கிராமுக்கு மேல. கிறீமில மூண்டில ஒரு பங்கு கொழுப்பு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா 100 கிராமுக்குச் சீனி 25 கிட்ட, கொழுப்பு 23 கிட்ட, கடையில வித்தா ரெண்டு வட்டமும் சிவப்பு. அம்மா கையால செய்தது எண்டு வட்டம் நிறம் மாறாது.

வீட்டில செய்யிறதெண்டா இப்பிடிச் செய்யுங்கோ: நல்லாப் பழுத்துக் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழத்தை வட்டமா வெட்டிப் பிறீசரில ஒரு இரவு வைச்சு, அடுத்த நாள் கிரைண்டரில நிப்பாட்டி நிப்பாட்டி அடிச்சா முதல்ல மணல் மாதிரி வரும், பயந்து தண்ணி விடாதேங்கோ, இன்னும் அடிக்க ஒரே நேரத்தில பிசுபிசு எண்டு ஐஸ்கிறீம் மாதிரித் திரண்டிடும். ரெண்டு கரண்டி கிண்ணியாத் தயிர் சேத்தா கடை ஐஸ்கிறீமை மறந்திடுவீங்க. எருமைத் தயிர் எண்டதால கொழுப்பு இருக்கு, பசுப்பாலிலும் பாக்க ரெண்டு மடங்கு கிட்ட, ஆனா போட்ட சீனி இல்லை. பாணியை மட்டும் ஊத்தாதேங்கோ, கித்துள் எண்டாலும் அது சீனிதான். வாழைப்பழத்திலயும் சீனி இருக்கு, அம்மாவுக்கு அரைப் பழத்தோட நிப்பாட்டுங்கோ.

கடைசியா வெக்கை. எதை எடுத்தாலும் ஐஸ்கிறீம் மைனஸ் 18 பாகையில இருக்கோணும். ஒரு கடையில, பேர் வேண்டாம், ராவில பிறீசரை நிப்பாட்டிட்டுக் காலமை போடுறதைக் கண்ணால கண்டனான், கரண்ட் பில்லுக்குப் பயந்து. அப்பிடி உருகித் திரும்ப உறைஞ்ச பெட்டி எப்பிடித் தெரியும் எண்டா, மூடி உப்பியோ குழிஞ்சோ இருக்கும், ஓரத்தில வழிஞ்சு ஒட்டின தடம் இருக்கும், குலுக்கினா உள்ளுக்க உறைஞ்ச கட்டி ஆடும், வீட்ட கொண்டுவந்து திறந்தா மேல கண்ணாடித் துண்டு மாதிரி ஐஸ். அது ருசிக் குறை மட்டும் இல்லை, உருகின நேரம் கிருமி பெருகியிருக்கலாம், உறைய வைச்சா அது சாகாது. திறந்த பிறீசரில உள்ச்சுவரில ஒரு கோடு இருக்கும், அந்தக் கோட்டுக்கு மேல அடுக்கின பெட்டிக்குக் குளிர் சரியாப் போகாது, கையை உள்ள விட்டுக் கீழ இருந்து எடுங்கோ. எல்லாச் சாமானும் வாங்கி முடிஞ்சு காசு கட்டப் போகேக்கதான் ஐஸ்கிறீமை எடுக்கிறது, நாலு பேப்பரில சுத்தி பாக்குக்க வைச்சா ஓட்டோவில உவர்மலை ஏறிப் போறவரை தாங்கும், நடுவில கடற்கரையில இறங்கினா தாங்காது.

எங்கட வீட்டுக்கு நான் எடுக்கிறது: எஸ்எல்எஸ் எண்ட இலங்கைத் தர முத்திரை போட்ட, பால் முதல்ல எழுதின சாதாரண வெனிலா, அரை லீற்றர்ப் பெட்டி, ஒரு லீற்றர் மலிவா வந்தாலும் அரைதான், பெரிய பெட்டி வீட்டில கிடந்தா பெரிய கரண்டிதான் இறங்கும். சொக்லேற், கரமல், பிஸ்கற் துண்டு போட்டதெல்லாம் வெனிலாவுக்கு மேல சீனி ஏத்தினது, அதுக்குப் பதிலா வெனிலாவுக்கு மேல வறுத்த கச்சான் ரெண்டு பிடி, மாம்பழக் காலத்தில மாம்பழம். உங்கட கடையில என்ன வகை கிடக்கு எண்டு எனக்குத் தெரியாது, ரெண்டு மூண்டு பெட்டியின்ர பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.